கேள்வித்தாளில் வராத குறிப்புகள்: பினாங்குத் துணிக்கடை ஒன்றின் 2024 ஆண்டிறுதிக் கணக்கு

கணக்கியல் பட்டப்படிப்பின் தேர்வுத்தாள்களில் ஒரு வசதி உண்டு. எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் திரட்டிய இருப்பாய்வுப் பட்டியலுக்குக் கீழே ‘கூடுதல் தகவல்’ என்ற தலைப்பில் ஐந்தாறு குறிப்புகள் இருக்கும். இறுதிச் சரக்கிருப்பு இவ்வளவு, கொடுபடாத வாடகை இவ்வளவு, வேனுக்குத் தேய்மானம் 20 சதவீதம். மாணவர் அவற்றைச் சரியான கணக்குகளில் ஏற்றினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அலுவலகத்தில் அந்தக் குறிப்புகளை யாரும் எழுதித் தருவதில்லை. டெலிவரி ஆர்டர் அட்டைப்பெட்டியிலும், வாடகை ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்திலும், முதலாளியின் நினைவிலும் அவை சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடி எடுப்பதற்குத்தான் இந்தத் தொழிலில் சம்பளம். நான்கு ஆண்டு படித்து நல்ல தரத்தில் தேறியவர்கள் முதல் வேலையில் தடுமாறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதை எண்களோடு காட்டவே இந்த ஆய்வு. இதில் வரும் கடையும் தொகைகளும் கற்பித்தலுக்காக அமைக்கப்பட்டவை. பிழைகள் அப்படியல்ல. சிறு வணிகர்களின் கோப்புகளைக் கையாளும் எவருக்கும் இவை ஒவ்வொன்றும் பழக்கமானவை.

சூழல்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை. செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் நிறுவனமாகப் பதிவானது. தலா மாதம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் நான்கு ஊழியர்கள். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்கு மேல். நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. கணக்குகள் எம்.பி.இ.ஆர்.எஸ். தரநிலைப்படி தயாராகின்றன. தனியார் நிறுவனங்களுக்கான இத்தரநிலை 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. பேரேட்டைக் கடையின் பகுதிநேரக் கணக்காளர் எழுதுகிறார். ஆண்டிறுதிக் கணக்கைத் தயாரிப்பது பட்டர்வொர்த்தில் உள்ள ஒரு சிறிய கணக்கியல் நிறுவனம். தணிக்கையாளர்கள் வேறொரு நிறுவனத்தினர்.

கோப்பு, தொழிற்பயிற்சிக்கு வந்த இறுதியாண்டு மாணவி ஒருவரிடம் தரப்பட்டது. நிதி அறிக்கையியல், தணிக்கை, வரி ஆகிய மூன்று பாடங்களையும் அவர் முடித்திருந்தார். இருப்பாய்வு சமன்பட்டிருந்தது. பேரேட்டின் வங்கி இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் ஒரு சென் வித்தியாசமின்றிப் பொருந்தின. வரிக்கு முந்தைய லாபம் 124,300 வெள்ளி. மாணவி இரண்டாம் நாளே கோப்பை முடித்து மேலதிகாரியிடம் கொடுத்தார். அது ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: மொத்த லாப விகிதம் ஏன் ஏறியது?

முதல் தடயம்

வரைவுக் கணக்கில் விற்பனை 1,350,000 வெள்ளி, விற்ற சரக்கின் அடக்கவிலை 989,900 வெள்ளி. மொத்த லாபம் 360,100, அதாவது 26.7 சதவீதம். முந்தைய ஆண்டில் அது 25.4 சதவீதமாக இருந்தது. விலைப்பட்டியலும் சரக்கு தருபவர்களும் மாறவில்லை. தீபாவளிக்கு வழக்கமான தள்ளுபடியும் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க விகிதம் ஏறக் காரணமே இல்லை.

ஒரு சதவீதப் புள்ளிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1,350,000 வெள்ளி விற்பனையில் ஒரு புள்ளி என்பது 13,500 வெள்ளி. லாபத்தில் 5 சதவீதத்தை முக்கியத்துவ வரம்பாக, அதாவது அதற்கு மேற்பட்ட பிழையை விட்டுவிடக் கூடாது என்ற எல்லையாக வைத்தால், இங்கே வரம்பே 6,215 வெள்ளிதான்.

வங்கி இருப்பு துல்லியமாகப் பொருந்தியதும் ஒரு தடயமே. மாத இறுதியில், வாடிக்கையாளர் வங்கி அட்டையில் செலுத்திய பணம் வழியில் இருக்கும். கொடுத்த காசோலை ஒன்றிரண்டு வங்கிக்குப் போயிருக்காது. பேரேடும் வங்கியும் எந்தச் சரிக்கட்டும் இல்லாமல் ஒத்துப்போனால், பேரேட்டையே வங்கி அறிக்கையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். இந்தக் கடையில் அதுதான் நடந்திருந்தது. உள்ளே வந்த பணம் எல்லாம் விற்பனை, வெளியே போனதெல்லாம் செலவு அல்லது கொள்முதல். பணம் நகர்ந்த நாளும் பரிவர்த்தனை நடந்த நாளும் ஒன்றல்ல என்பது முதல் பருவத்துப் பாடம். வங்கி அறிக்கையை மட்டும் வைத்து எழுதினால் அந்தப் பாடமே கணக்கிலிருந்து மறைந்துவிடும். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான்.

சரக்கிருப்பு: ஒரே எண்ணுக்குள் நான்கு பிழைகள்

இறுதிச் சரக்கிருப்பு 86,300 வெள்ளி எனப் பேரேட்டில் இருந்தது. மாணவி எண்ணிக்கைத் தாள்களைக் கேட்டு வாங்கினார். முதல் தாளின் மேல்மூலையில் இருந்த தேதி 3-1-2025. புத்தாண்டுக் கூட்டம் ஓய்ந்தபின் அன்று காலை கடை திறக்குமுன் எண்ணியிருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் எண்ணிய நாளிலிருந்து டிசம்பர் 31-க்குப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அதை யாரும் செய்யவில்லை.

ஜனவரி 1, 2 தேதிகளில் 8,000 வெள்ளிக்கு விற்பனை. அந்தத் துணிகள் டிசம்பர் 31 அன்று கடையில்தான் இருந்தன, எண்ணும்போது இல்லை. லாபம் 25 சதவீதம் என்றால் அடக்கவிலை 6,000 வெள்ளி. இதைக் கூட்ட வேண்டும். ஜனவரி 2 அன்று 4,200 வெள்ளிச் சரக்கு வந்திறங்கியது. டெலிவரி ஆர்டரும் விலைச்சீட்டும் (இன்வாய்ஸ்) 2025 தேதியிட்டவை. எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது, 2024 கொள்முதலில் இல்லை. இதைக் கழிக்க வேண்டும். இங்கே மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, விற்பனையை விற்ற விலையிலேயே கூட்டிவிடுவது. 8,000-ஐக் கூட்டினால் இன்னும் வராத லாபம் சரக்கிருப்புக்குள் நுழைந்துவிடும்.

மூன்றாவது பிழை பட்டுச் சேலைகளில். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலை மொத்த வணிகர் ஒருவர், விற்றதற்கு மட்டும் பணம், விற்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் சேலைகளை அனுப்பியிருந்தார். அவற்றில் 9,500 வெள்ளி மதிப்புள்ளவை அலமாரியில் இருந்தன. விலைச்சீட்டு இல்லாததால் கொள்முதலில் ஏறவில்லை. கண்ணெதிரே இருந்ததால் எண்ணிக்கையில் ஏறிவிட்டன. கொள்முதல் இல்லாத சரக்கு இறுதியிருப்பில் சேர்ந்தால் அந்தத் தொகை முழுவதும் லாபமாகவே தோன்றும். எண்ணிக்கைத் தாளை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தாளிலுள்ள ஒவ்வொரு பெரிய தொகைக்கும் கொள்முதல் விலைச்சீட்டைத் தேட வேண்டும். விலைச்சீட்டு கிடைக்காத இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது.

நான்காவது, மழைநீர் இறங்கிக் கறைபட்ட துணிக்கட்டு. அடக்கவிலை 3,600 வெள்ளி, இனி விற்றால் செலவு போக 1,200 வெள்ளிதான் கிடைக்கும். அடக்கவிலை, விற்பனைச் செலவு போக எஞ்சும் விலை ஆகிய இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். எனவே 2,400 வெள்ளி குறைகிறது.

86,300 உடன் 6,000 கூட்டி, 4,200, 9,500, 2,400 ஆகியவற்றைக் கழித்தால் 76,200 வெள்ளி. லாபம் 10,100 வெள்ளி குறைந்தது.

முதலாளி போட்ட பணம்

விற்பனைக் கணக்கை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அக்டோபரில் 15,000 வெள்ளி ஒரே வரவாக நின்றது. சில்லறைத் துணிக்கடைக்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து முழுத்தொகையாக அவ்வளவு வருவது அரிது. மாணவி கடைக்குப் போய்க் கேட்டார்.

“அங்கிள், அக்டோபர் 14-ல வந்த பதினஞ்சாயிரம் யார் வாங்கினது?”

“அது வியாபாரம் இல்லம்மா. தீபாவளிச் சரக்குக்குப் பணம் பத்தல, என் சொந்த அக்கவுண்டுல இருந்து போட்டேன்.”

இரண்டு வரிப் பேச்சில் முடிந்துவிட்டாலும் சான்று வேண்டும். அவருடைய வங்கி அறிக்கையில் அந்தப் பற்றைக் காட்டும் பக்கத்தின் நகலைக் கோப்பில் வைத்தபின்தான் திருத்தப் பதிவு: விற்பனைக்குப் பற்று 15,000, இயக்குநருக்குத் தர வேண்டியது என்ற கணக்குக்கு வரவு 15,000. இந்தப் பிழை அப்படியே போயிருந்தால் கடை தன் சொந்தக் கடனுக்கு வருமான வரி கட்டியிருக்கும். பங்கு மூலதனம் 2.5 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாத, மற்ற நிபந்தனைகளையும் நிறைவுசெய்யும் நிறுவனத்துக்கு முதல் 150,000 வெள்ளி வருமானத்துக்கு 15 சதவீத வரி. 15,000 வெள்ளிக்கு 2,250 வெள்ளி வீண்.

வேன்: மூன்று இடங்களில் தவறு

2024 ஜூலை 1 அன்று 80,000 வெள்ளிக்கு ஒரு வேன். முன்பணம் 8,000. மீதி 72,000 ஐந்தாண்டுத் தவணைக் கொள்முதலில், ஆண்டுக்கு 3.5 சதவீதத் தட்டை வட்டி. 72,000-க்கு ஐந்தாண்டு வட்டி 12,600. மொத்தம் 84,600, அதை 60-ஆல் வகுத்தால் மாதம் 1,410 வெள்ளி.

கணக்காளர் ஒப்பந்தத்தில் ‘மொத்தம் செலுத்த வேண்டியது’ என்றிருந்ததை முன்பணத்தோடு கூட்டி வேனை 92,600 வெள்ளிக்கு ஏற்றிவிட்டார். கடனை 84,600 என எழுதி, கட்டிய ஆறு தவணைகளையும் அதிலிருந்து கழித்து 76,140 என்று வைத்திருந்தார். வட்டிச் செலவே இல்லை. தேய்மானமும் 92,600-க்கு 20 சதவீதம், ஆறு மாதத்துக்கு 9,260.

தட்டை வட்டி, கடன் குறைந்துகொண்டே வருவதைக் கண்டுகொள்ளாமல் முதலில் வாங்கிய தொகைக்கே ஐந்தாண்டும் போடப்படுகிறது. உண்மையான விகிதத்தைக் காண எக்செலின் ரேட் சார்பில் 60, கழித்தல் 1,410, 72,000 என்று கொடுத்தால் போதும். மாதத்துக்கு 0.545 சதவீதம், ஆண்டுக்கு ஏறக்குறைய 6.5 சதவீதம் வரும். 3.5 என்று விளம்பரத்தில் படித்துவிட்டு அதையே கணக்கிலும் போடுபவர்கள் இந்த இடத்தில் தவறுகிறார்கள். முதல் மாத வட்டி 392 வெள்ளி, ஆறாம் மாதம் 364. ஆறு மாதமும் சேர்த்து 2,269 வெள்ளி.

திருத்தம் மூன்று படிகளில் நடக்கிறது. கடன் கணக்குக்குப் பற்று 12,600, வேன் கணக்குக்கு வரவு 12,600. வேன் 80,000-க்கு இறங்கும். அடுத்து, வட்டிச் செலவுக்குப் பற்று 2,269, கடனுக்கு வரவு 2,269; கடன் 65,809-இல் நிற்கும். மூன்றாவதாகத் தேய்மானத்தை 8,000-க்குக் குறைக்க 1,260 வெள்ளி திரும்புகிறது. கடனைப் பிரித்துக் காட்டவும் வேண்டும்: அடுத்த பன்னிரண்டு மாதத்தில் தீர்வது சுமார் 13,000 வெள்ளி, மீதி சுமார் 52,800 நீண்டகாலக் கடன். இதைப் பிரிக்காமல் விட்டால் நடப்புக் கடன் பன்மடங்கு பெரிதாகத் தெரியும். வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது முதலாளிதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய அலுவலகங்கள் சில, இலக்கக் கூட்டு முறையில் வட்டியைப் பிரிக்கும். 60-இலிருந்து 1 வரை கூட்டினால் 1,830. முதல் ஆறு மாதத்தின் இலக்கங்கள் 345. வட்டி 2,375 வெள்ளி வரும். இரண்டுக்கும் 106 வெள்ளிதான் வித்தியாசம் என்பதால் இந்த அளவுக் கடையில் யாரும் சண்டை போடமாட்டார்கள். தேர்வில் மட்டும், முதலில் காட்டிய பயனுறு வட்டி முறையையே காட்ட வேண்டும்.

வரியில் கதை வேறு. தேய்மானத்தை லாபத்தோடு திரும்பக் கூட்டிவிட்டு, அதற்குப் பதிலாக வரி விதிகள் தரும் மூலதனக் கழிவைக் கோர வேண்டும். தவணையில் வாங்கியதால் 80,000 முழுவதற்கும் முதல் ஆண்டிலேயே கழிவு கிடையாது. முன்பணம், அந்த ஆண்டில் கட்டிய தவணைகளின் அசல் பகுதி ஆகிய இவ்விரண்டுக்கு மட்டும் 20 சதவீதத் தொடக்கக் கழிவும் 20 சதவீத ஆண்டுக் கழிவும். நிதி அறிக்கையியல் வகுப்பும் வரி வகுப்பும் வெவ்வேறு பருவத்தில் நடப்பதால் ஒரே வேன் இரண்டு கணக்குகளில் இரண்டு விதமாக நிற்பதைப் பல மாணவர்கள் முதன்முதலில் வேலையில்தான் காண்கிறார்கள்.

மீதமுள்ளவை

அட்டை விற்பனைக் கட்டணம் போக நிகரத்தொகையே வங்கிக்கு வருகிறது. அதையே விற்பனை என்று எழுதியிருந்தார்கள். ஆண்டு முழுதும் 220,000 வெள்ளி அட்டை விற்பனை, 1.2 சதவீதக் கட்டணம் 2,640 வெள்ளி. விற்பனையும் செலவும் ஒரே அளவில் குறைந்திருந்ததால் லாபம் மாறாது. ஆனாலும் திருத்த வேண்டும். மின்-விலைச்சீட்டு முறை, தணிக்கை விலக்கு ஆகிய இரண்டின் வரம்புகளிலும் விற்பனைத் தொகை இடம்பெறுகிறது. டிசம்பர் 30, 31 தேதிகளின் அட்டை விற்பனை 5,500 வெள்ளி, கட்டணம் 66 போக 5,434 வெள்ளியாக ஜனவரியில் வங்கிக்கு வந்தது. அது 2024-இன் விற்பனை. டெர்மினலின் நாளிறுதிச் சீட்டு இதற்குச் சான்று.

கூடுதல் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தபோது கொடுத்த வைப்புத்தொகை 7,000 வெள்ளி வாடகைச் செலவில் போயிருந்தது. இரண்டு மாத வாடகை 5,600, மின்சாரம் தண்ணீருக்கு 1,400. ஒப்பந்தம் முடியும்போது திரும்ப வரும் பணம் அது, ஆகவே சொத்து.

ஊழியர் சேமநிதியில் ஒரு நுட்பம். டிசம்பர் சம்பளத்துக்கான பங்கு ஜனவரியில் கட்டப்படுகிறது. ஊழியரின் 11 சதவீதமும் முதலாளியின் 13 சதவீதமும் சேர்த்து 12,000 வெள்ளிச் சம்பளத்துக்கு 2,880. பேரேட்டிலோ 2,520 வெள்ளி நிலுவையாக இருந்தது. பார்வைக்குச் சரியான அளவுதான். தோண்டினால், அது 2023 டிசம்பரின் நிலுவை. 2024 ஜனவரியில் கட்டியபோது நிலுவையைத் தீர்க்காமல் மீண்டும் செலவில் எழுதியிருக்கிறார்கள். ஆண்டிறுதியில் புதிய நிலுவையையும் ஏற்றவில்லை. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்து 360 வெள்ளி வித்தியாசம் மட்டும் மிஞ்சியது. தொகை அற்பம். ஆனால் ஊழியர் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஆண்டில் இதே பழக்கம் அற்பமாக இருக்காது. ஆண்டு முழுதும் ஒரு அசைவும் இல்லாத நிலுவைக் கணக்கைக் கண்டால் உடனே திறந்து பார்க்க வேண்டும்.

திருத்தங்கள் லாபத்தை இப்படி மாற்றின:

வரைவு லாபம் 124,300
சரக்கிருப்பு – 10,100
இயக்குநர் பணம் – 15,000
தவணை வட்டி – 2,269
சேமநிதி – 360
வைப்புத்தொகை + 7,000
அட்டை விற்பனை + 5,434
தேய்மானம் + 1,260
திருத்திய லாபம் 110,265

நிகர வித்தியாசம் 14,035 வெள்ளி. ஆனால் கூட்டல் கழித்தல் பாராமல் எல்லாப் பிழைகளையும் சேர்த்தால் 41,423 வெள்ளி. வரைவு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. விற்பனை 1,343,140-ஆகவும் மொத்த லாபம் 343,140-ஆகவும் மாறி, விகிதம் 25.5 சதவீதத்துக்கு வந்து முந்தைய ஆண்டோடு பொருந்தியது. இவ்வளவு பிழைகளில் ஒன்றுகூட இருப்பாய்வின் சமநிலையைக் குலைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

படிக்கும்போதே இதை எப்படிப் பழகுவது

மாணவிக்குத் தெரியாத விதி இந்தக் கோப்பில் எதுவுமில்லை. ‘9,500 வெள்ளிச் சரக்கு திருப்பித்தரக்கூடிய ஏற்பாட்டில் வந்தது’ என்று ஒரு வரி கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் திருத்தியிருப்பார். அவருக்குக் கிடைக்காமற்போனது அந்த ஒரு வரி.

இதற்கு நாங்கள் பரிந்துரைக்கும் பயிற்சி எளியது, நேரம் கேட்பது. இருவராகச் சேருங்கள். ஒருவர் பழைய தேர்வுத்தாளில் ஆண்டிறுதிக் கணக்குக் கேள்வி ஒன்றை எடுத்து, ‘கூடுதல் தகவல்’ பகுதியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு குறிப்பையும் ஆவணமாக மாற்ற வேண்டும். கொடுபடாத வாடகை என்றால் ஒரு ஒப்பந்தப் பக்கமும் பதினோரு ரசீதுகளும். வாராக் கடன் என்றால் ஒரு வாடிக்கையாளரின் கடிதமும் வயதுவாரிக் கடனாளிப் பட்டியலும். நடுவே எந்தப் பிழையும் இல்லாத இருபது முப்பது ஆவணங்களைக் கலந்துவிட வேண்டும். எல்லா ஆவணத்திலும் பிழை இருந்தால் அதுவும் ஒருவகைத் துப்பாகிவிடும். மற்றவர் இருப்பாய்வையும் அந்தக் கட்டையும் வைத்துக்கொண்டு குறிப்புகளைத் தாமே எழுத வேண்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிடலாம். ஆவணம் தயாரிப்பவர்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார். ஒரு பரிவர்த்தனை எந்தெந்தத் தாளில் தடம் விடும் என்பதை அவர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மலேசியச் சிறு நிறுவனங்களில் பரவலாக உள்ள எஸ்.கியூ.எல். அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற மென்பொருள்களில் ஒன்றையாவது தொழிற்பயிற்சிக்கு முன் தொட்டிருப்பது நல்லது. ஆனால் எக்செல்தான் முதலில் வேண்டும். பிவட் டேபிளில் விற்பனையை மாதவாரியாகப் பிரிக்கத் தெரிந்திருந்ததால்தான் அந்த 15,000 கண்ணில் பட்டது.

தொழில்தகுதிக்கான பாதை

மலேசியாவில் ஒருவர் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி எம்.ஐ.ஏ. எனும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக வேண்டும். சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் ஒரு வழி. ஏ.சி.சி.ஏ., எம்.ஐ.சி.பி.ஏ. போன்ற தொழில்முறை அமைப்புகளின் உறுப்பினர் தகுதி இன்னொரு வழி. இரண்டிலும் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட அதற்கும் மேலே தனி அனுமதி தேவை. பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன்பே அந்தப் பட்டம் அட்டவணையில் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். தனியார் கல்லூரிகளில் சேரும் பலர் இதை மூன்றாம் ஆண்டில்தான் விசாரிக்கிறார்கள்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் ஏ.சி.சி.ஏ.வில் 13 தாள்கள். தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு பருவங்கள். இறுதிநிலைத் தாள்களை ஏழு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கணக்கியல் பட்டத்துக்கு ஒன்பது தாள்வரை விலக்கு கிடைக்கும்.

விலக்கைப் பற்றி எங்களுக்கு அழுத்தமான கருத்து உண்டு. கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்காதீர்கள். ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் தாளுக்கான பல்கலைக்கழகப் பாடத்தில் நீங்கள் வாங்கியது சி என்றால், அந்தத் தாளை எழுதுங்கள். இறுதிநிலையின் ஸ்ட்ராடஜிக் பிசினஸ் ரிப்போர்ட்டிங் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. விலக்குக்கும் கட்டணம் உண்டு. அதைக் கொடுத்து அடித்தளத்தைத் தாண்டிப் போய், மேலே மூன்று முறை தோற்பவர்கள் குறைவல்ல. ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் தாளின் கடைசிப் பகுதியில் 20 மதிப்பெண் வீதம் இரண்டு நீண்ட கேள்விகள் வரும். கணினித் தேர்வின் விரிதாளில் விடையை எண்ணாகத் தட்டாமல் சூத்திரமாக எழுதுங்கள். திருத்துபவரால் சூத்திரத்தைப் பார்க்க முடியும், இறுதி விடை பிழைத்தாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைக்கும்.

தாள்களோடு 36 மாத அனுபவமும், வேலையில் செய்துகாட்ட வேண்டிய ஒன்பது செயல்நோக்கங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 500 சொல்லில் சொந்த நடையில் ஒரு விளக்கம் எழுதி, தகுதிபெற்ற மேற்பார்வையாளரின் ஒப்புதல் பெற வேண்டும். தகுந்த மேற்பார்வையில் செய்த தொழிற்பயிற்சியும் இந்தக் கணக்கில் சேரும். இந்தத் துணிக்கடைக் கோப்பு, பரிவர்த்தனைகளைப் பதிவுசெய்தல், வெளியாருக்கான நிதி அறிக்கை தயாரித்தல் ஆகிய இரண்டு நோக்கங்களுக்குப் போதும். ‘சரக்கிருப்பைச் சரிபார்த்தேன்’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார். எண்ணிய தேதி பிந்தியது எப்படித் தெரிந்தது, எந்த ஆவணத்தைக் கேட்டீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுத வேண்டும். பயிற்சியின் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் பாதி மறந்திருக்கும். கோப்பு முடிந்த அன்றே வாடிக்கையாளர் பெயரின்றிக் குறித்து வைப்பது நல்லது.

இதே கடையின் அடுத்த ஆண்டு

2025 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்குத் தணிக்கை விலக்கு விதி மாறியிருக்கிறது. முதற்கட்டத்தில் விற்பனை 10 லட்சம் வெள்ளி, மொத்தச் சொத்து 10 லட்சம் வெள்ளி, ஊழியர் 10 பேர் ஆகிய மூன்று வரம்புகளில் ஏதேனும் இரண்டை, நடப்பாண்டிலும் முந்தைய இரண்டாண்டுகளிலும் தாண்டாத தனியார் நிறுவனம் தணிக்கையின்றிக் கணக்கைச் சமர்ப்பிக்கலாம். 2026-இல் தொடங்கும் ஆண்டுக்கு இவை இரண்டு மடங்காகவும் 2027-க்கு மூன்று மடங்காகவும் உயர்கின்றன. துணிக்கடையின் விற்பனை வரம்பைத் தாண்டுகிறது. சொத்தும் ஊழியர் எண்ணிக்கையும் தாண்டவில்லை. எனவே அது விலக்குக்குத் தகுதி பெறுகிறது.

கணக்கைத் தரநிலைப்படி தயாரித்து நிறுவனங்கள் ஆணையத்திடம் கொடுக்கும் கடமை அப்படியே இருக்கும். வருமான வரி வாரியத்துக்கான சி படிவமும் நிதியாண்டு முடிந்து ஏழு மாதத்துக்குள் போக வேண்டும். தயாரித்தவருக்குப் பிறகு எண்ணிக்கைத் தாளின் தேதியைப் பார்க்க இன்னொருவர் இருக்கமாட்டார். ஆகவே மாணவி 2025 கோப்பின் முதல் பக்கத்தில் விட்டுச்செல்ல வேண்டிய குறிப்புகள் இவை: ஜனவரியில் வந்த 5,434 வெள்ளி புதிய விற்பனை அல்ல, வரவேண்டிய தொகையின் தீர்வு. சேமநிதிக்குக் கட்டிய 2,880 நிலுவைக் கணக்குக்குப் போக வேண்டும். ஜனவரி 2-இல் வந்த 4,200 வெள்ளிச் சரக்கு 2025 கொள்முதல். திருப்பித்தரும் சேலைகளுக்குத் தனிப் பதிவேடு. வேன் தவணை ஒவ்வொன்றையும் அட்டவணைப்படி வட்டி, அசல் எனப் பிரிக்க வேண்டும். ஆண்டிறுதி எண்ணிக்கை டிசம்பர் 31 இரவு கடை மூடியபின்.